காலி என்று குறித்த இடம்

நட்சத்திரம் பார்க்கிறவன் பகலில் தூங்குவான் என்பது கரமனையில் எங்கள் தெருவின் தீர்மானம். காலையில் குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு நான் பஸ்ஸுக்கு ஓடுவதைப் பார்க்கும்போது அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்திருக்க வேண்டும். அக்கா மட்டும் நேரடியாகக் கேட்டுவிட்டாள்.

"ஏன் டே, பட்டப் பகல்ல எந்த நட்சத்திரத்த பாக்கே?"

நான் நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை, நட்சத்திரம் பிறக்கிற வாயுவைப் பார்க்கிறேன் என்றேன். அதையும் கண்ணால் பார்ப்பதில்லை, ரேடியோ அலையில் பார்க்கிறேன், அதற்குப் பகலும் இரவும் ஒன்றுதான் என்றேன். தொலைநோக்கி வேறொரு நாட்டு மலையில் இருக்கிறது, அங்கே விடியாத நேரம் என்றால் இங்கே பலகாரம் முடிந்த நேரம், நான் இங்கிருந்தே கம்ப்யூட்டர் வழியாக அதை இயக்குகிறேன் என்றும் விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ கம்ப்யூட்டர் முன்னால இருக்கதுக்காக்கும் இவ்வளவு படிச்சே," என்றாள்.

நான் பார்த்த வாயு மேகம் கார்த்திகைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன். மேகத்தின் கடுங்குளிரில் அது வாயே திறக்காது. அதோடு கொஞ்சமே கொஞ்சம் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுதான் ரேடியோ அலையில் பேசும். சாலைக் கடைத்தெருவில் சரக்கு லாரி கக்குகிற புகையில் இருக்கிற அதே விஷ வாயுதான். அது பேசுவதைக் கேட்டு, மேகம் எவ்வளவு இருக்கிறது, எந்த வேகத்தில் வருகிறது அல்லது போகிறது என்று கணக்கிடுவோம். மேகத்துக்குள் இளம் நட்சத்திரங்கள் இருக்கின்றன. பத்து லட்சம், இருபது லட்சம் வருட வயது. எங்கள் தொழிலில் அதெல்லாம் கைக்குழந்தை.

வேலை முறையில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வருவது அதைப் பற்றித்தான். தொலைநோக்கியை மேகத்தின் பக்கம் திருப்பினால் வருகிற இரைச்சலில் மேகத்தின் பங்கு ஒரு சிட்டிகை. மிச்சமெல்லாம் நம் காற்றில் உள்ள ஈரமும் கருவியின் சொந்தச் சூடும். அதனால் முதலில் மேகத்தைப் பார்ப்போம். பிறகு கொஞ்சம் தள்ளி, வாயுவே இல்லாத ஓர் இடத்தைப் பார்ப்போம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவது மேகம். அந்தக் காலி இடத்துக்கு ஆஃப் என்று பெயர். அக்காவின் வீட்டுக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில் மொத்த அரிசிக் கடை. அங்கே மூட்டையை நிறுத்து, வெறுஞ்சாக்கின் எடையைக் கழிப்பார்களே, அதேதான்.

ஆஃப் உண்மையிலேயே காலிதானா என்று ஒரு முறை சோதிக்க வேண்டும். அதை இன்னும் தள்ளி உள்ள வேறோர் இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். இருபது நிமிட வேலை. பதிவேட்டில் இதற்கென்று ஒரு கட்டம் உண்டு. சோதித்தவர் அதில் டிக் போட வேண்டும்.

தொலைநோக்கியில் எங்களுக்குக் கிடைத்த காலைப்பொழுது திருவோணத்தன்று வந்து விழுந்தது. தொலைநோக்கி இருக்கிற நாட்டுக்கு மாவேலியைத் தெரியாது. குழுக் கூட்டத்தில் எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்தார்.

"நிங்ஙளுக்கு ஓணம் இல்லல்லோ," என்றார்.

அதை அவர் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. தமிழன், அதனால் ஓணம் இல்லை, அதனால் அன்று வேலை பார்ப்பான் என்று அவர் மனதில் நேர்கோடாகப் போய்விட்டது. நாஞ்சில் நாட்டிலிருந்து எங்கள் குடும்பம் இந்த மலையாளத்து ஊருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. ஓணத்துக்கு எங்கள் வாசலிலும் பூக்களம் உண்டு, அடைப் பிரதமன் பாயசம் உண்டு. "எங்களுக்கும் உண்டு சார்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு ஆளைப் போட்டிருப்பார். நான் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு அது வேறு வழியில் வேலை செய்யும்.

"சரி சார்," என்றேன்.

திருவோணத்தன்று ஆய்வு நிறுவனத்தில் நானும் காவலாளியும்தான். முன்தினம் எல்லோரும் சேர்ந்து போட்ட பூக்களம் நடைவழியில் வாடிக் கிடந்தது. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். எந்த இடத்தை ஆஃப் ஆக வைத்துக்கொள்வது என்பதற்குச் சுவரில் பல வருடமாக ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். அந்தத் திசைக்கு ஒரு இடம் எழுதியிருந்தது. எடுத்துக்கொண்டேன். வேலை ஒழுங்காக நடந்தது. மலைமேல் தொலைநோக்கியோடு இருந்த இயக்குநர் தூக்கக் கலக்கத்தில் அவ்வப்போது ஏதாவது கேட்டார், நான் பதில் சொன்னேன். மேகத்தின் படம் முழுதாக முடிந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். ஆஃப் சோதனை மட்டும் பாக்கி.

அப்போது அக்கா போன் செய்தாள். "எலை போட்டாச்சு. வாறியா, இல்ல நாங்க உண்டுட்டு மிச்சத்த எடுத்து வைக்கவா?"

மிச்சம் என்ற சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. ஓணம் இல்லாதவன் என்று ஒருவர் சொன்னார், ஓணத்தின் மிச்சம் உனக்கு என்று இன்னொருவர் சொல்கிறார். கட்டத்தில் டிக் போட்டேன். இயக்குநருக்கு நன்றி சொல்லி முடித்துக்கொண்டேன். ஆட்டோ பிடித்துப் போய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது பேராசிரியரை ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டு தடவை பிரதமன் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தப் படத்தில் ஒரு அதிசயம் இருந்தது. மேகம் முழுவதும், எந்தப் புள்ளியை எடுத்தாலும், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு உரிய இடத்தில் வரைபடத்தின் அலைவரி கீழே குழிந்திருந்தது. வாயு பேச வேண்டிய இடத்தில் யாரோ வாயைப் பொத்தியது போல. மேகத்துக்கு முன்னால் மிகக் குளிர்ந்த இன்னொரு வாயுப் படலம் நின்று வெளிச்சத்தை விழுங்கினால் இப்படித்தான் குழியும். நான் அதைத்தான் எழுதினேன். இளம் நட்சத்திரங்களுக்கு முன்னால் ஒரு குளிர்ந்த திரைச்சீலை. பேராசிரியர் தட்டிக்கொடுத்தார். கட்டுரை வெளிவந்தது. குழி எல்லா இடத்திலும் ஒரே ஆழம் என்பதைப் பற்றி அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. படலம் மிகச் சீரானது என்று எழுதியிருந்தேன். எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது.

சந்தேகம் வந்திருக்க வேண்டும். வெறுஞ்சாக்கில் இரண்டு பிடி அரிசி கிடந்தால் எல்லா மூட்டையும் ஒரே அளவு குறையும். இது அத்தான் கடையில் சுமை தூக்குகிறவருக்குக்கூடத் தெரியும். ஆனால் சந்தேகப்பட வேண்டுமானால் அந்த டிக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். நான் நினைக்கவில்லை. மறந்தே போயிற்று என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மறக்கவில்லை, அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த வருடம் மலையோர ஊரான வித்துராவிலிருந்து ஒரு பெண் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள். இளம் நட்சத்திரங்களின் வயதைக் கண்டுபிடிப்பது அவள் ஆய்வு. மானிட்டரில் தெரிவதை அவள் நம்பமாட்டாள். எல்லாவற்றையும் அச்செடுத்து, மூலையில் உள்ள தேதியை வட்டமிட்டுவிட்டுத்தான் படிக்கத் தொடங்குவாள். என்னோடு மலையாளத்தில் பேசுவாள். டிவி பார்த்துக் கற்றுக்கொண்ட தமிழ் ஒன்று கைவசம் இருந்தது. அதை என்னைக் கேலி செய்ய மட்டும் வெளியே எடுப்பாள். நான் தாமதமாக வந்தால், "வாங்க ஐயா, வணக்கம் ஐயா," என்று எழுந்து நிற்பாள். அவளோடு வேலை செய்வது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவளுடைய கணக்கில் என் திரைச்சீலை முக்கியமானது. முன்னால் ஒரு படலம் இருந்தால், அது பின்னால் உள்ள நட்சத்திரங்களின் ஒளியை மங்கச் செய்யும். எவ்வளவு மங்கியது என்று சேர்த்துக்கொண்டால்தான் உண்மையான ஒளி தெரியும், ஒளி தெரிந்தால்தான் வயது தெரியும். அவள் சேர்த்துக்கொண்டாள். நட்சத்திரங்கள் அதிக ஒளியோடும், அதனால் இன்னும் இளமையாகவும் வந்தன. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான்.

ஒருநாள் மதியம், கேன்டீனில், அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு தாளை விரித்தாள்.

"சேட்டா, நிறம் ஒத்து வருந்நில்ல," என்றாள்.

தூசும் வாயுவும் முன்னால் நின்றால் நட்சத்திரம் மங்குவது மட்டுமல்ல, சிவக்கவும் வேண்டும். அவளுடைய நட்சத்திரங்கள் அந்த அளவு சிவக்கவில்லை. எங்கே தவறு என்று தெரியவில்லை என்றாள். பிறகு, தற்செயலாகக் கேட்பது போல, "ஆஃப் செக் செய்ததல்லே?" என்று கேட்டாள்.

"பின்னே? லாக்ல டிக் இருக்கே."

"அது கண்டு. என்னாலும் சேட்டனோட ஒண்ணு சோதிக்காம்னு வச்சு."

சோதிப்பது என்றால் அவள் மொழியில் கேட்பது. பதிவேட்டைப் பார்த்திருக்கிறாள். பார்த்த பிறகும் என்னிடம் நேரில் கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. வெறும் இருபது நிமிடத் தவறு. பேராசிரியரிடம் நாலு வார்த்தை வாங்கிக்கட்டிக்கொண்டு, அடுத்த முறை சரிசெய்திருக்கலாம்.

"செக் செய்தது," என்றேன். "க்ளீன்."

அவள் தலையாட்டிவிட்டுத் தாளை மடித்தாள். அடுத்த எட்டு மாதம், நட்சத்திரங்கள் ஏன் சிவக்கவில்லை என்று அவள் தேடினாள். தூசின் துகள்கள் பெரிதாக இருந்தால் அப்படி நடக்கும் என்று ஒரு மாதிரியை உருவாக்கினாள். தன் பழைய அளவீடுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்தது. "ஞான் எந்தோ மண்டத்தரம் காணிச்சிட்டுண்டு," என்று அடிக்கடி சொல்வாள். முட்டாள்தனம் பண்ணியிருக்கிறேன் என்று பொருள். எதிர் மேஜையில் உட்கார்ந்து நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் வீட்டில் அத்தான் என் வேலையைப் பற்றி விவரமாகக் கேட்டார். சாக்கு உதாரணத்தைச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அப்போ வெறுஞ்சாக்க ஒதறிப் பாத்தது யாரு மாப்ளே?"

"நான்தான் அத்தான்."

"பின்ன என்ன, சரியா இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளை எடுத்தார். இரண்டாவது முறை சொல்லும்போது பொய் எவ்வளவு எளிதாக வருகிறது என்பதை அன்று கவனித்தேன். வேறெதுவும் செய்யவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. அவள் ஆய்வேட்டை எழுதி முடிக்கும் கட்டத்துக்கு வந்தாள். வெளிநாட்டில் ஒரு குழு அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டதாகக் கடிதம் போனால்தான் அந்த இடம் உறுதி. மூன்று வாரம் இருந்தது. விடுதியில் எழுத முடியவில்லை என்று வித்துராவுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ஒரு செய்தி அனுப்பினாள். பின்னிணைப்பில் ஆஃப் சோதனையின் படத்தையும் சேர்க்க வேண்டும், தேர்வாளர் கேட்டால் காட்டலாம், அனுப்ப முடியுமா என்று.

இல்லாத படத்தை எப்படி அனுப்புவது? பழைய டிஸ்க்கில் தேட வேண்டும் என்று பதில் போட்டேன். அந்த வாரமே எனக்கு வேறொரு வேலைக்காக அதே தொலைநோக்கியில் ஒரு காலைப்பொழுது இருந்தது. அதில் இருபது நிமிடம் திருடி, ஆஃப் இடத்தை இப்போது எடுத்து, தேதியை வெட்டிவிட்டு அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அன்று கூசவில்லை. நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

துலா மாத மழை பிடித்திருந்த சமயம். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. என் வேலை சீக்கிரமே முடிந்தது. இயக்குநரிடம் அந்த இடத்தின் எண்களைக் கொடுத்தேன். தொலைநோக்கி திரும்பியது. முதல் சில நிமிடம் வெறும் இரைச்சல், புல்தரை மாதிரி. நான் டீ ஊற்றிக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தபோது நடுவில் கொஞ்சம் மேடு தட்டியிருந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் அது எழுந்து நின்றது. மெல்லிய, அழகான, நேரான ஒரு வரி. என் திரைச்சீலை குழிந்திருந்த அதே வேகத்தில், அதே ஆழத்துக்கு இது உயர்ந்திருந்தது.

காலி என்று நான் குறித்த இடத்தில் ஒரு மேகம் இருந்தது. அதைத்தான் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கழித்திருக்கிறேன். திரைச்சீலை என்று எதுவும் இல்லை. சுவரில் அந்தத் தாளை ஒட்டியவர் வேறோர் அரிய மூலக்கூறுக்காக அந்த இடத்தைச் சோதித்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அதற்கு அது காலிதான். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

முதலில் எனக்குப் பயம் வந்தது. வெட்கம் எல்லாம் பிறகுதான். டீ ஆறிப்போனது. போதுமா என்று இயக்குநர் கேட்டார். போதும் என்றேன்.

பதினோரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் சொல்லாமல் இருக்கக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் கட்டுரையை அப்படி ஒன்றும் நிறையப் பேர் படிக்கவில்லை. யாரும் போய் அந்த மூலையைச் சோதிக்கப் போவதில்லை. இப்போது சொன்னால் அவளுடைய மூன்றாம் அத்தியாயம் விழும், சமர்ப்பிப்பு தள்ளிப்போகும், வெளிநாட்டு இடம் போய்விடும். ஆக, நான் வாயை மூடிக்கொண்டிருப்பது அவள் நன்மைக்குத்தான். இந்தக் காரணத்தை நான் மிகவும் விரும்பினேன். இதை நினைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம்கூட வந்தது.

"ஆஃப் ப்ளாட் கிட்டியோ?", படம் கிடைத்ததா என்று அவள் ஒன்றுவிட்டு ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்தாள். தேடுகிறேன், தேடுகிறேன் என்று எழுதினேன். பதினோராம் நாள் வந்த செய்தி வேறு மாதிரி இருந்தது. கிடைக்கவில்லை என்றால் பரவாயில்லை சேட்டா, ஆஃப் சோதிக்கப்பட்டது, காலியாக இருந்தது என்று உங்கள் பெயரைப் போட்டு, நீங்கள் நேரில் சொன்னதாக எழுதிவிடுகிறேன், அது போதும் என்று எழுதியிருந்தாள்.

அது போதும் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கேன்டீனில் சொன்ன ஒரு வார்த்தையை அவள் ஆதாரமாக எடுத்து ஆய்வேட்டில் வைக்கப் போகிறாள். படத்தை அச்செடுத்தேன். முன்பு நினைத்தது போல் தேதியை வெட்டவில்லை. வருகிறேன் என்று மட்டும் செய்தி அனுப்பிவிட்டு, மறுநாள் காலை வித்துராவுக்குப் பஸ் ஏறினேன்.

நெடுமங்காடு தாண்டியதும் மழை விட்டிருந்தது. வித்துரா ஜங்ஷனில் அவள் குடையோடு நின்றாள். ஆய்வேட்டுக்கு ஏதோ நல்ல செய்தி கொண்டுவருகிறேன் என்று நினைத்திருப்பாள் போல, முகம் மலர்ந்திருந்தது. "வாங்க ஐயா, மலைநாட்டுக்கு வாங்க," என்றாள். பொன்முடி மலை இருக்கிற பக்கம் முழுக்க மேகம் மூடிக் கிடந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றாள். வேண்டாம், இங்கேயே பேசலாம் என்று ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தாளை எடுத்து நீட்டினேன்.

அவள் பார்த்தாள். முதலில் அவள் சொன்னது இதுதான்: "எந்தொரு நல்ல லைன்!"

அவள் மனதார ரசித்தாள். எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் அப்படித்தான் சொல்வார்கள், அவ்வளவு சுத்தமான வரி. பிறகு அவள் கண் கீழே உள்ள எண்களுக்குப் போனது. வேகத்தைப் படித்தாள். இடத்தைப் படித்தாள். பிறகு, பழக்கப்படி, மூலையில் உள்ள தேதியைப் பார்த்தாள். பையிலிருந்து பேனாவை எடுத்து அதை வட்டமிட்டாள்.

"இது இப்போ எடுத்ததா?"

"ஆமா."

"அன்னு எடுத்தது?"

"அன்னைக்கு எடுக்கல."

"டிக்?"

"சும்மா போட்டேன். ஓணத்துக்கு வீட்டுக்குப் போகணும்னு."

டீ வந்தது. அவள் அதைத் தொடவில்லை. பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

"ஞான் சோதிச்சதல்லே சேட்டா," என்றாள். "நேரிட்டு சோதிச்சதல்லே." பிறகு, "எட்டு மாசம் ஞான் என்னெயாணு சம்சயிச்சது," என்றாள்.

நான் கேட்டேனே, நேருக்கு நேர் கேட்டேனே, அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னையே அல்லவா சந்தேகப்பட்டேன் என்கிறாள். குரல் உயரவில்லை. அத்தியாயம் போனதைப் பற்றியோ வெளிநாட்டைப் பற்றியோ அவள் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடந்தாள். இரண்டு டீயையும் நான்தான் குடித்தேன். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு வழி தெரியவில்லை.

பேராசிரியரிடம் அன்று மாலையே சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். சோதனையை ஏன் விட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். ஓணம், வீட்டில் இலை போட்டிருந்தார்கள் என்றேன்.

"நிங்ஙளுக்கு ஓணம் உண்டோ?" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுப் போனார். "பறஞ்ஞிருந்தாப் போதுமாயிருந்நல்லோ!"

சொல்லியிருந்தால் போதுமே என்கிறார். போதும்தான். இத்தனை வருடம் அவர்மேல் நான் வளர்த்து வைத்திருந்த கோபத்தை அந்த நிமிடம் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் விழித்தேன். அந்த மனிதருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

திருத்தக் குறிப்பு எழுதினோம். திரைச்சீலை இல்லை, அது எங்கள் பிழை என்று இரண்டு பத்தி. அவள் மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதினாள். முன்னால் படலம் இல்லை என்றதும் நிறமும் ஒளியும் ஒரே வாரத்தில் ஒத்து வந்துவிட்டன. நட்சத்திரங்களுக்கு வயது கூடியது. மற்ற கணக்குகளையெல்லாம் அதற்கேற்ப மாற்ற ஐந்து மாதம் ஆனது. வெளிநாட்டு இடம் வேறொருவருக்குப் போயிற்று. அந்த ஐந்து மாதத்தில் என்னோடு பேச வேண்டியதை மட்டும் பேசினாள். எண், கோப்பு, தேதி. தமிழில் ஒருமுறைகூடக் கேலி செய்யவில்லை. நான் தாமதமாக வந்தாலும் எழுந்து நிற்கவில்லை. அது எனக்கு வலித்தது. வலிக்க எனக்கு உரிமை இல்லை என்றும் தெரிந்தது.

வாய்மொழித் தேர்வு நாளில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் நன்றாகப் பேசினாள். மூன்றாம் அத்தியாயம் வந்ததும், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் திருத்தக் குறிப்பைக் கையில் எடுத்தார். ஆஃப் இடத்தில் வாயு இருப்பது எப்படித் தெரியவந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அறையில் பேராசிரியர் உட்பட நாலு பேருக்குப் பதில் தெரியும். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அவள் எதைச் சொன்னாலும் அது நியாயம், எழுந்து நின்று ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"நட்சத்திரங்களின் நிறம் பொருந்தவில்லை. அதனால் அந்த அளவீட்டை எடுத்த சக ஆய்வாளரிடம் ஆஃப் சோதித்தீர்களா என்று கேட்டேன்," என்றாள். "சோதிக்கவில்லை என்று அவர் உடனே சொல்லிவிட்டார். பிறகு அளந்து பார்த்தோம்."

"நேர்மையான மனிதர்," என்றார் தேர்வாளர். எழுதிக்கொண்டார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. போட்டுக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு கூனிக் குறுகியிருக்க மாட்டேன்.

முடிந்ததும் வெளியே டீயும் வடையும் வைத்திருந்தார்கள். எல்லோரும் அவளுக்குக் கை கொடுத்தார்கள். கூட்டம் விலகியதும் நானும் போய் வாழ்த்துச் சொன்னேன். பிறகு, எனக்காக அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். தமிழில் பேசினாள். அதில் கேலி துளியும் இல்லை, ஒரு பிழையும் இல்லை.

"உங்களுக்காகச் சொல்லல. நான் கேட்ட அன்னைக்கு எனக்குக் கிடைச்சிருக்க வேண்டிய பதில் அது. ஒரு இடத்துலயாவது அது இருக்கட்டும்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டு, தேர்வாளர்கள் நின்ற பக்கம் போனாள்.